ஒரு வக்கீலின் வாழ்க்கையை எழுதுவது எப்படி? குமாஸ்தாவின் வழிமுறை

சட்டக் கல்லூரிப் பிள்ளைகளுக்கு இப்படி ஒரு வேலை வருவதுண்டு: வெளிநாட்டு வக்கீல் ஒருவர், சட்டசபையிலும் இருந்தவர், அவருடைய வாழ்க்கையையும் பணியையும் பத்துப் பக்கத்தில் எழுதி வா. பிள்ளைகள் போனைத் திறந்து, பிறந்தார், படித்தார், ஜெயித்தார், மறைந்தார் என்று நாலு பத்தியை நகல் எடுத்துக் கொடுத்துவிடுகிறார்கள். அதைப் படித்து முடித்தால் அந்த மனிதர் யாருக்காக வாதாடினார், யாரை எதிர்த்தார், எதில் தோற்றார் என்று ஒன்றும் தெரியாது. ஊர் பேரை மாற்றினால் அதே பத்துப் பக்கம் வேறொருவருக்கும் பொருந்தும்.

நான் கும்பகோணத்தில் சிவில் வக்கீல் ஒருவரிடம் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவன். சட்டம் படித்தவன் இல்லை. வழக்குத் தாள்களைக் கட்டாகக் கட்டத் தெரிந்தவன். பாகப்பிரிவினை வழக்கு என்று வந்தால் மூன்று தலைமுறைக் கதையையும் பத்திரம், சிட்டா, அடங்கல், வில்லங்கம், சாட்சி என்று பிரித்து அடுக்கி, சீனியர் எழுந்து நிற்கும்போது கேட்ட தாள் கைக்கு வர வேண்டும். ஒரு மனிதரின் வாழ்க்கையை எழுதுவதற்கும் அதே ஒழுங்கு வேண்டும் என்பது என் கட்சி. எங்கள் தெருப் பெண் ஒருத்தி சட்டம் படிக்கிறாள். அவளோடு உட்கார்ந்து ஒரு கட்டு தயார் செய்தோம். அதை வைத்தே வழியைச் சொல்கிறேன்.

நாங்கள் எடுத்துக்கொண்டவர் தாடியஸ் ஸ்டீவன்ஸ். 1792-ல் பிறந்து 1868-ல் இறந்த அமெரிக்க வக்கீல். பென்சில்வேனியா மாநில சட்டசபையிலும், பிறகு வாஷிங்டனில் பிரதிநிதிகள் சபையிலும் இருந்தவர். அடிமை முறையை எதிர்த்தவர்களில் மிகக் கடுமையானவர் என்று பெயர். இலவசப் பள்ளி, சட்டத்தின் முன் சமத்துவம், உழுதவனுக்கு நிலம் என்று அவர் சண்டை போட்ட மூன்று விஷயமும் நம் தஞ்சைச் சீமைக்காரர்களுக்குப் புரிய வைக்கத் தேவையில்லாதவை. அதனால்தான் இவரைத் தேர்ந்தெடுத்தோம்.

முதலில் தேதிப் பட்டியல்

ஒரு லாங் சைஸ் நோட்டு வாங்குங்கள். இரண்டு பக்கத்தையும் சேர்த்து விரித்து நான்கு கட்டம் போடுங்கள். முதல் கட்டத்தில் வருடம். இரண்டாவது கோர்ட்டு. மூன்றாவது சபை. நான்காவது வீடும் பணமும். இந்த நான்காவது கட்டத்தைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். ஒரு வக்கீல் எந்த வருடம் கடனில் இருந்தார் என்று தெரியாமல் அவர் ஏன் ஊர் மாறினார் என்று எழுத முடியாது.

ஸ்டீவன்ஸுக்குப் பட்டியல் இப்படி ஆரம்பிக்கிறது. 1792 ஏப்ரல் 4, வெர்மான்ட் மாநிலம், டான்வில். பிறவியிலேயே ஒரு பாதம் வளைந்தது. அப்பா குடும்பத்தை விட்டுப் போய்விட்டார். அம்மா நான்கு பையன்களை வளர்த்தாள். பையன் படிக்க வேண்டும் என்று பள்ளிக்கூடம் இருந்த பீச்சம் என்ற ஊருக்கே குடி பெயர்ந்தாள். 1814-ல் டார்ட்மத் கல்லூரியில் பட்டம். அடுத்து பென்சில்வேனியாவில் யார்க் என்ற ஊரில் வாத்தியார் வேலை, கூடவே சட்டப் படிப்பு. 1816-ல் கெட்டிஸ்பர்க்கில் வக்கீல் தொழில்.

இளமைக்கு இவ்வளவு போதும். அரைப் பக்கத்துக்கு மேல் போகாதீர்கள். பால பருவத்தில் மூன்று பக்கம் செலவழிக்கிறவர்கள் கடைசியில் சட்டத் திருத்தத்தை மூன்று வரியில் முடிப்பார்கள்.

ஒன்று மட்டும் இங்கே கவனிக்க வேண்டும். அவர் வக்கீல் தேர்வை யார்க்கில் எழுதவில்லை. வேறு வேலை பார்த்துக்கொண்டே சட்டம் படித்தவர்களைச் சேர்ப்பதில்லை என்று அந்த ஊர் வக்கீல்கள் விதி வைத்திருந்தார்கள். எனவே பக்கத்து மாநிலமான மேரிலாந்தில் பெல் ஏர் என்ற ஊருக்குப் போய்த் தேர்வு கொடுத்தார். தேர்வு வைத்த நீதிபதிகளுக்கு மதீரா ஒயின் வாங்கிக் கொடுத்தார் என்று ஒரு கதை உண்டு. இந்த மாதிரிக் கதைகளைத் தனித் தாளில் எழுதி மேலே 'கேள்விப்பட்டது' என்று குறித்து வையுங்கள். கோர்ட்டில் செவிவழிச் சாட்சியம் தள்ளுபடி ஆகும். வாழ்க்கை வரலாற்றில் தள்ள வேண்டியதில்லை. ஆனால் 'என்று சொல்வார்கள்' என்ற வார்த்தை இல்லாமல் உள்ளே விடக்கூடாது.

அவர் ஜெயித்த தவறான வழக்கைத் தேடுங்கள்

நான் சொல்லும் வழிமுறையில் இதுதான் முக்கியம். அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

எந்த வக்கீலையும் அவர் பிற்காலத்தில் எடுத்த நிலையை வைத்தே முழு வாழ்க்கையையும் எழுதுவது வழக்கம். அடிமை முறையை எதிர்த்தவர் என்றால் பிறந்ததிலிருந்தே எதிர்த்தவர் போல எழுதுவார்கள். வக்கீல் தொழில் அப்படி நடப்பதில்லை. கட்சிக்காரன் வருகிறான், வக்காலத்தில் கையெழுத்துப் போடுகிறான், வக்கீல் வாதாடுகிறார். எங்கள் சேம்பரிலும் குத்தகைதாரருக்காக ஒரு வருடம், நிலச் சொந்தக்காரருக்காக மறு வருடம் வழக்கு நடந்திருக்கிறது. ஆகவே உங்கள் ஆள் எந்தப் பக்கம் நின்றார் என்பதை வழக்கு வழக்காகப் பார்க்க வேண்டும். முக்கியமாக, அவர் பிற்காலக் கொள்கைக்கு எதிரான பக்கத்தில் நின்று ஜெயித்த வழக்கு ஏதாவது இருக்கிறதா என்று தேட வேண்டும்.

ஸ்டீவன்ஸுக்கு இருக்கிறது. 1821-ல் பென்சில்வேனியா உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன பட்லர் எதிர் டெலாப்ளேன் வழக்கு. சாரிட்டி பட்லர் என்ற கறுப்பினப் பெண், தனக்கும் தன் பிள்ளைகளுக்கும் விடுதலை கேட்டாள். பென்சில்வேனியாவில் 1780-லேயே ஒரு சட்டம் வந்திருந்தது. வெளி மாநிலத்தவர் தம் அடிமையைக் கொண்டுவந்து ஆறு மாதம் தொடர்ந்து அங்கே வைத்திருந்தால், அந்த அடிமைக்கு விடுதலை. சாரிட்டியை அவளுடைய எஜமானர்கள் மேரிலாந்திலிருந்து எல்லை தாண்டிப் பலமுறை அழைத்து வந்திருந்தார்கள். வந்து தங்கிய நாட்களையெல்லாம் கூட்டினால் ஆறு மாதம் ஆகிறது என்பது அவள் கட்சி. தொடர்ச்சியாக ஆறு மாதம் இல்லை, கூட்டக் கூடாது என்பது எஜமானர் கட்சி. எஜமானர் பக்கம் ஆஜரானவர் தாடியஸ் ஸ்டீவன்ஸ். அவர் ஜெயித்தார். அந்தத் தாயும் பிள்ளைகளும் அடிமைகளாகவே இருக்க வேண்டியதாயிற்று.

இதைப் படித்ததும் அந்தப் பெண் நோட்டை மூடிவிட்டாள். "தாத்தா, இவர் நல்லவரா கெட்டவரா? வேறு ஆளை எடுத்துக்கலாமா?" என்று கேட்டாள்.

"வேண்டாம்மா. இப்போதுதான் நமக்கு எழுத விஷயம் கிடைத்திருக்கு" என்றேன்.

இப்படி ஒரு வழக்கு கிடைத்தால் என்ன செய்ய வேண்டும்? மறைக்கவும் கூடாது, அதை மட்டும் வைத்துத் தீர்ப்பும் சொல்லக் கூடாது. சாரிட்டி பட்லர் பெயரை எழுதுங்கள். என்ன கேட்டாள், சட்டத்தின் எந்த வார்த்தையில் தோற்றாள் என்று எழுதுங்கள். வக்கீல் மனம் வருந்தினார் என்று நீங்களாகச் சேர்க்காதீர்கள். மனத்துக்கு ஆவணம் கிடையாது. அடுத்து அவர் செய்ததற்கு ஆவணம் உண்டு. தேதிப் பட்டியலில் அந்த வழக்குக்குக் கீழே போய்ப் பாருங்கள்.

1837-ல் பென்சில்வேனியா அரசியல் சட்டத்தைத் திருத்த ஒரு மாநாடு கூடுகிறது. ஓட்டுரிமை வெள்ளையருக்கு மட்டும் என்று அதில் எழுதுகிறார்கள். உறுப்பினரான ஸ்டீவன்ஸ் அந்த ஆவணத்தில் கையெழுத்துப் போட மறுக்கிறார். பிறகு 1851. பென்சில்வேனியாவில் லான்காஸ்டர் என்ற ஊருக்கு அருகே கிறிஸ்டியானா என்ற சிற்றூரில், ஓடி வந்த அடிமைகளைப் பிடிக்க வந்த மேரிலாந்து எஜமானர் ஒருவர் கைகலப்பில் கொல்லப்படுகிறார். அரசாங்கம் முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் மேல் ராஜத் துரோக வழக்கு போடுகிறது. முதலில் விசாரிக்கப்பட்டவர் காஸ்ட்னர் ஹான்வே என்ற வெள்ளையர். பிலடெல்பியாவில் நடந்த அந்த வழக்கில் குற்றம் சாட்டப்பட்டவர் தரப்பு வக்கீல்களில் ஸ்டீவன்ஸ் ஒருவர். ஜூரர்கள் உள்ளே போய்ச் சுமார் கால் மணி நேரத்தில் திரும்பி வந்து, குற்றவாளி இல்லை என்றார்கள்.

1821, 1837, 1851. மூன்றையும் ஒரே பக்கத்தில் அடுத்தடுத்து எழுதினால் போதும். நடுவில் உங்கள் வியாக்கியானம் வேண்டாம்.

சபையில் பேசியதைவிட ஓட்டுப் போட்டதைப் பாருங்கள்

சபைப் பேச்சுகள் அழகாக இருக்கும், எடுத்துப் போட ஆசையாக இருக்கும். ஆனால் ஒவ்வொரு பேச்சுக்குக் கீழேயும் மூன்று கேள்வி எழுதிக்கொள்ளுங்கள்: எந்த மசோதா? ஓட்டு எப்படி விழுந்தது? அதற்கப்புறம் ஊரில் என்ன மாறியது?

இலவசப் பள்ளி விஷயத்தில் இதைச் செய்து பார்ப்போம். பென்சில்வேனியாவில் 1834-ல் எல்லாப் பிள்ளைகளுக்கும் வரிப்பணத்தில் பள்ளி என்று சட்டம் வந்தது. வரி கட்டுகிறவர்களுக்குக் கோபம். அடுத்த வருடமே மேல்சபை அந்தச் சட்டத்தை ரத்து செய்ய ஓட்டுப் போட்டுவிட்டது. கீழ்சபையும் அதே வழியில் போகும் என்று எல்லோரும் நினைத்திருந்தபோது, 1835 ஏப்ரலில் ஸ்டீவன்ஸ் எழுந்து பேசினார். சட்டம் பிழைத்தது. இதில் நான் மிகவும் மதிப்பது ஒன்று உண்டு. சட்டத்தைக் கொண்டுவந்த கவர்னர் ஜார்ஜ் உல்ஃப், ஸ்டீவன்ஸுக்கு எதிர்க் கட்சி. அதோடு அவர் ஃப்ரீமேசன் என்ற ரகசியச் சங்கத்தைச் சேர்ந்தவர். ஸ்டீவன்ஸோ அந்தச் சங்கத்தை எதிர்ப்பதற்காகவே உண்டான கட்சியில் இருந்தவர். அப்படியிருந்தும் பள்ளிக்கூடம் என்று வந்தபோது எதிரியின் சட்டத்துக்குக் காவல் நின்றார். கட்சி வேறு, காரியம் வேறு என்று நடந்துகொள்வது சபைகளில் எவ்வளவு அரிது என்று நமக்குத் தெரியும். இதை அரைப் பக்கமாவது எழுதுங்கள்.

அந்தக் காலத்து வாஷிங்டன் சபை நடவடிக்கைகள் 'காங்கிரஷனல் குளோப்' என்ற பெயரில் தொகுதிகளாக அச்சாகின. அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் அவற்றை இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. எழுத்து பொடி எழுத்து, மூன்று பத்தியாக இருக்கும். போனில் படிக்க முடியாது. நூலகக் கம்ப்யூட்டரில் உட்காருங்கள். தேதியை முதலில் கண்டுபிடித்துக்கொண்டு தொகுதிக்குள் போங்கள். பெயரை மட்டும் வைத்துத் தேடினால் ஆயிரம் இடத்தில் கொண்டு போய் நிறுத்தும்.

வாஷிங்டன் பகுதிக்குத் தேவையான எலும்புக்கூடு இது. 1842-ல் லான்காஸ்டருக்குக் குடி மாறினார். அங்கிருந்து தேர்வாகி 1849 முதல் 1853 வரை பிரதிநிதிகள் சபையில் இருந்தார். 1859-ல் குடியரசுக் கட்சி உறுப்பினராகத் திரும்பி வந்து, சாகும்வரை இருந்தார். 1861-ல் வட மாநிலங்களுக்கும் தென் மாநிலங்களுக்கும் உள்நாட்டுப் போர் மூண்டபோது வரியும் நிதியும் பார்க்கும் குழுவுக்குத் தலைவர். போர்ச் செலவுக்கு 1862-ல் காகிதப் பணம் அச்சிடும் சட்டத்தை நடத்திக் கொடுத்தவர்களில் ஒருவர். 1865 ஜனவரி 31-ல் அடிமை முறையை ஒழிக்கும் 13ஆவது திருத்தம் 119க்கு 56 என்று நிறைவேறியபோது சபையில் இருந்தார்.

14ஆவது திருத்தத்துக்கு வரும்போது நிதானம் வேண்டும். நம் அரசியல் சட்டத்தில் 14ஆவது பிரிவு சட்டத்தின் முன் சமத்துவத்தையும் சட்டங்களின் சமமான பாதுகாப்பையும் சொல்கிறது. இதில் சமமான பாதுகாப்பு என்ற பாதி, அமெரிக்காவின் 14ஆவது திருத்தத்திலிருந்து வந்தது. சட்டம் படிக்கிற பிள்ளைகள் இதைக் கண்டதும் துள்ளிக் குதித்து, ஸ்டீவன்ஸ் எழுதியதுதான் நம் நாட்டுக்கு வந்தது என்று எழுதிவிடுவார்கள். கூடாது. அந்த முதல் பிரிவின் வாசகத்தை எழுதியதில் முக்கியப் பங்கு ஒஹையோ மாநிலத்து ஜான் பிங்காம் என்ற வக்கீலுக்கு. ஸ்டீவன்ஸ் செய்தது வேறு. சபையிலிருந்து ஒன்பது பேரும் செனட்டிலிருந்து ஆறு பேரும் கொண்ட கூட்டுக் குழுவில் உட்கார்ந்து, அந்தத் திருத்தத்தைச் சபையில் நடத்திக் கரை சேர்த்தார். ஒருவர் எழுதிய பத்திரத்துக்கு இன்னொருவர் பெயரைப் போட்டால் சப் ரிஜிஸ்திரார் திருப்பி அனுப்புவார். நீங்களும் அதே கண்டிப்போடு இருங்கள்.

1866 ஜூனில் திருத்தம் கடைசி வடிவத்தில் வந்தபோது அவருக்கு அதில் திருப்தி இல்லை. கறுப்பின ஆண்களுக்கு நேராக ஓட்டுரிமை தரவில்லை. அப்படியும் ஆதரித்தார். குறையுள்ள ஒன்றை ஏன் ஏற்கிறேன் என்றால், நான் வாழ்வது தேவதைகளுக்கு நடுவில் அல்ல, மனிதர்களுக்கு நடுவில் என்று சொன்னார். இந்த ஒரு வாக்கியத்தைக் கட்டாயம் எடுத்துப் போடுங்கள். பேச்சுக்காகப் பேசியது இல்லை இது. பின்னால் ஓட்டு இருக்கிறது.

நிலத்தை வேலிக் கணக்கில் மாற்றிப் பாருங்கள்

அமெரிக்கக் கணக்கை ஏக்கரில் அப்படியே எழுதினால் நம் ஆட்களுக்கு மனத்தில் பதியாது. 1865 செப்டம்பர் 6 அன்று லான்காஸ்டரில் ஸ்டீவன்ஸ் ஒரு திட்டத்தைச் சொன்னார். போரில் கலகம் செய்த தென் மாநிலப் பெரும் நிலக்காரர்களிடமிருந்து, அதாவது 200 ஏக்கருக்கு மேலோ 10,000 டாலர் சொத்துக்கு மேலோ வைத்திருப்பவர்களிடமிருந்து நிலத்தை எடுக்க வேண்டும். விடுதலை பெற்ற ஒவ்வொரு வயது வந்த ஆணுக்கும் 40 ஏக்கர் கொடுக்க வேண்டும். மீதியை விற்றுப் போர்க் கடனை அடைக்க வேண்டும்.

இப்போது மாற்றுங்கள். நம் கணக்கில் ஒரு வேலி ஆறேமுக்கால் ஏக்கருக்குக் கொஞ்சம் குறைவு. ஆக 40 ஏக்கர் என்றால் ஆறு வேலி. 200 ஏக்கர் என்றால் முப்பது வேலி. முப்பது வேலி மிராசு என்றால் எப்படிப்பட்ட வீடு, எத்தனை களம், எத்தனை பண்ணையாள் குடும்பம் என்று நன்னிலம், திருத்துறைப்பூண்டி பக்கத்துப் பெரியவர்களிடம் கேளுங்கள்; கண்ணில் காட்டுவார்கள். நேற்றுவரை கூலி இல்லாமல் உழைத்தவன் கையில் ஆறு வேலி என்றால் அந்த யோசனை எவ்வளவு பெரியது என்று அப்போதுதான் உறைக்கும். புஞ்சையும் காடுமான தேசத்து ஏக்கர் வேறு, காவேரிப் பாசன நஞ்சை ஏக்கர் வேறு; அதையும் ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

அந்தத் திட்டம் தோற்றது. சபையில் அவர் கொண்டுவந்தபோது அவருடைய சொந்தக் கட்சியினரே பெரும்பாலோர் எதிர்த்து ஓட்டுப் போட்டார்கள். 1867 மார்ச்சில் மறுபடி மசோதாவாகக் கொண்டுவந்தார், அதுவும் நிறைவேறவில்லை. ஓட்டுரிமை கிடைத்தது, நிலம் கிடைக்கவில்லை. நிலம் இல்லாதவனின் ஓட்டு எவ்வளவு நாள் அவன் கையில் நிற்கும் என்ற கேள்வி ஸ்டீவன்ஸுக்கு அப்போதே இருந்தது. நம் பக்கத்தில் பண்ணையாள்களுக்கும் குத்தகைதாரர்களுக்கும் பாதுகாப்பு என்று தஞ்சாவூர் மாவட்டத்துக்கென்றே தனிச் சட்டம் வந்தது 1952-ல். நில உச்சவரம்பு 30 ஸ்டாண்டர்ட் ஏக்கர் என்று 1961-ல் வந்து, 1970-ல் 15 ஆகக் குறைந்தது. இந்தச் சட்டங்களின் வழக்குக் கட்டுகளைத் தூக்கிக்கொண்டு நான் படியேறியிருக்கிறேன். சட்டம் இருந்தும் நிலம் கை மாறாமல் இருக்க எத்தனை வழி உண்டு என்று எனக்குத் தெரியும். அதனால் சொல்கிறேன்: தோற்ற மசோதாவை அடிக்குறிப்பில் தள்ளாதீர்கள். உங்கள் பத்துப் பக்கத்தில் முழுசாக ஒரு பக்கம் இதற்குக் கொடுங்கள்.

பணமும் வீடும்

நான்காவது கட்டத்தில் ஸ்டீவன்ஸுக்கு நிறைய எழுத இருக்கிறது. வக்கீல் தொழிலில் சம்பாதித்து நிலம் வாங்கினார். இரும்பு உருக்காலையில் பணம் போட்டார். அதில் கடன் ஏறியது. லான்காஸ்டருக்கு மாறியதற்குக் கடன் ஒரு காரணம், அங்கே பெரிய வழக்குகள் கிடைக்கும் என்பதால். கேலடோனியா என்ற அந்த ஆலையை 1863 ஜூனில் தென் மாநிலப் படைத் தளபதி ஜூபல் எர்லியின் ஆட்கள் எரித்தார்கள். அதற்குச் சில நாள் கழித்துத்தான் கெட்டிஸ்பர்க் யுத்தம்.

கையில் பணம் வந்ததும் செய்ததில் ஒன்றைத் தன் வாழ்நாளின் மிகப் பெரிய சந்தோஷம் என்று அவரே சொன்னார்: அம்மாவுக்கு 250 ஏக்கர் பண்ணையும் பதினான்கு பசுவும் வாங்கிக் கொடுத்தது. பையன் படிக்க வேண்டும் என்று ஊர் மாறினவள் அவள். இதை வாழ்க்கையின் ஆரம்பத்தில் சொல்லாமல் இந்த இடத்தில் சொல்லுங்கள், கணக்கோடு சேர்ந்து நிற்கும்.

அவர் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. லிடியா ஹாமில்டன் ஸ்மித் என்ற கலப்பினப் பெண்மணி கடைசி இருபது வருடம் அவர் வீட்டை நிர்வகித்தார். எதிரிகள் இதை வைத்து என்னென்னவோ பேசினார்கள். பிள்ளைகளும் இந்த இடத்தில் தான் இணையத்தில் ரொம்ப நேரம் தங்கிவிடுகிறார்கள். இங்கே ஆவணம் என்ன சொல்கிறதோ அதோடு நில்லுங்கள். உயிலில் அவருக்கு மொத்தமாக 5,000 டாலர், அல்லது வருடா வருடம் 500 டாலர், எது வேண்டுமோ அதை எடுத்துக்கொள்ளலாம் என்று எழுதியிருக்கிறது. அந்தப் பணத்தைக் கொண்டு ஸ்டீவன்ஸ் வாழ்ந்த வீட்டையே லிடியா ஸ்மித் விலைக்கு வாங்கினார். அந்தக் காலத்தில் ஒரு கறுப்பினப் பெண் தன் பெயரில் சொத்து வாங்கியதுதான் எழுத வேண்டிய செய்தி.

உயிலைத் தனியாக ஒரு முறை படியுங்கள். மனிதர்கள் மேடையில் பேசியதைவிட உயிலில் எழுதியதில் அதிகம் தெரிவார்கள். பீச்சமில் அம்மாவின் சமாதியைப் பராமரிக்க 500 டாலர். வசந்தம் தோறும் நான்கு மூலையிலும் ரோஜாச் செடி வைக்க வேண்டும் என்று நிபந்தனை. அனாதைப் பிள்ளைகளுக்கு விடுதிப் பள்ளி, இன பேதம் பார்க்கக் கூடாது என்று நிபந்தனை. அந்தப் பணத்திலிருந்து வந்ததுதான் இன்று லான்காஸ்டரில் அவர் பெயரில் இருக்கும் தொழில்நுட்பக் கல்லூரி.

எதிரிடைச் சாட்சிகளைக் கூப்பிடுங்கள்

சாதகமான சாட்சியை மட்டும் வைத்து வழக்கை நடத்துபவருக்குக் குறுக்கு விசாரணையில் என்ன நடக்கும் என்று தெரியும். ஸ்டீவன்ஸுக்கு எதிரிகள் ஏராளம். நாக்கு கூர்மை, விட்டுக் கொடுக்காதவர், பழி வாங்குகிறவர் என்பார்கள். அவர் இறந்து பல பத்தாண்டுகள், போருக்குப் பிந்தைய காலத்தை எழுதிய பல வரலாற்றாசிரியர்கள் அவரைத் தென் மாநிலங்களை வதைத்த வில்லனாகவே எழுதினார்கள். இருபதாம் நூற்றாண்டின் நடுவில், கறுப்பின மக்களின் உரிமைப் போராட்டத்தோடு சேர்ந்துதான் அந்தப் பார்வை மாறியது. நீங்கள் எடுத்துப் படிக்கும் புத்தகம் எந்த வருடம் அச்சானது என்று முதல் பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். பிறகு உள்ளே போங்கள்.

ஜனாதிபதி ஆண்ட்ரூ ஜான்சன் மீதான குற்றச்சாட்டு விசாரணையையும் இந்த இடத்தில் வையுங்கள். 1868 பிப்ரவரி 24 அன்று பிரதிநிதிகள் சபை 126க்கு 47 என்று குற்றம் சாட்டியது. ஸ்டீவன்ஸ் அப்போது நடக்க முடியாத அளவுக்கு உடம்பு முடியாதவர். நாற்காலியோடு தூக்கி வந்தார்கள். செனட்டில் குற்றவாளி என்று 35 ஓட்டு, இல்லை என்று 19. மூன்றில் இரண்டு பங்குக்கு ஒரு ஓட்டுக் குறைந்து ஜான்சன் தப்பித்தார். அது நியாயமான விசாரணையா, அரசியல் பழியா என்று இன்றும் வாதம் உண்டு. இரண்டு பக்கத்தின் வாதத்தையும் ஒவ்வொரு பத்தி கொடுங்கள். என் அபிப்பிராயம் கேட்டால், சபை போட்ட சட்டங்களை ஒன்று மாற்றி ஒன்று ஜான்சன் தடுத்ததை முதலில் விளக்கிவிட்டால், ஸ்டீவன்ஸின் கோபம் எங்கிருந்து வந்தது என்று வாசகருக்குப் புரிந்துவிடும்.

அந்த வருடம் ஆகஸ்ட் 11 நள்ளிரவில் வாஷிங்டனில் அவர் உயிர் பிரிந்தது. லான்காஸ்டரில் இருந்த பெரிய இடுகாடுகள் வெள்ளையருக்கு மட்டும் என்று விதி வைத்திருந்தன. எல்லோரையும் ஏற்ற ஒரு சிறிய இடுகாட்டை அவரே தேர்ந்தெடுத்து, காரணத்தையும் கல்லில் வெட்டச் சொன்னார்: தனிமையில் ஆசைப்பட்டு இங்கே படுக்கவில்லை, மற்ற இடங்கள் இனத்தால் வரம்பு கட்டியிருப்பதால், வாழ்நாளெல்லாம் பேசிய கொள்கையைச் சாவிலும் காட்டவே இதைத் தேர்ந்தேன் என்று. சுடுகாட்டுக்குத் தனிப் பாதை, தனி இடம் என்று வழக்கு நடந்த ஊர்கள் நம் ஜில்லாவில் இல்லையா? இந்தக் கல்வெட்டுக்கு நீங்கள் விளக்கம் எழுத வேண்டியதில்லை. மொழிபெயர்த்து அப்படியே வையுங்கள்.

எழுத உட்காரும்போது

பிறப்பில் ஆரம்பிக்காதீர்கள். நாங்கள் சாரிட்டி பட்லர் வழக்கில் ஆரம்பித்தோம். ஒரு பெண் விடுதலை கேட்டு நிற்கிறாள், எதிர்ப் பக்கம் வாதாடுகிற இளம் வக்கீல் ஒருவர். அவர் யார் என்று அடுத்த பத்தியில் பிறப்பும் படிப்பும். அங்கிருந்து தேதி வரிசையில் போகலாம். ஒவ்வொரு பத்திக்கும் ஓரத்தில் பென்சிலால் எந்த ஆவணம் என்று எண் போடுங்கள். எண் போட முடியாத பத்தி இருந்தால் அது உங்கள் கற்பனை, எடுத்துவிடுங்கள். 'மாபெரும்', 'ஒப்பற்ற', 'தன்னிகரற்ற' எல்லாம் இரங்கல் போஸ்டருக்கு, நம் கட்டுக்குள் வேண்டாம்.

எழுதி முடித்ததும் அவரைப் பற்றிக் கேள்வியே படாத ஒருவரிடம் வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள். அந்தப் பெண் தன் அம்மாவுக்குப் படித்துக் காட்டினாள். நிலத் திட்டம் வந்த இடத்தில் அம்மா, "யாருடைய நிலத்தை யாருக்குக் குடுக்கச் சொன்னார்?" என்று நிறுத்திக் கேட்டார். அந்தப் பத்தியில் எழுவாய் எங்கேயோ தொலைந்து போயிருந்தது. உட்கார்ந்து திருத்தினோம்.

இந்த வழி கைவந்துவிட்டால் நம் பக்கத்து ஆளை எடுங்கள். பழமார்நேரியில் 1864-ல் பிறந்த சர் பி. எஸ். சிவசாமி ஐயர் இருக்கிறார். வக்கீல், சென்னை மாகாண சட்டசபை உறுப்பினர், பிறகு அட்வகேட் ஜெனரல். திருக்காட்டுப்பள்ளியில் அவர் பெயரில் இன்றும் மேல்நிலைப் பள்ளி நடக்கிறது. அதே நோட்டில், அதே நான்கு கட்டம். முதலில் அந்தப் பள்ளிக்குப் போய்ப் பழைய ஆண்டு மலர் ஏதாவது இருக்கிறதா என்று தலைமையாசிரியரிடம் கேளுங்கள். சபை நடவடிக்கைகளுக்கும் அரசு ஆணைகளுக்கும் எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் மனு எழுதிக் கொடுக்க வேண்டும். அடையாள அட்டை நகலும், கல்லூரியிலிருந்து ஒரு கடிதமும் எடுத்துப் போங்கள். பேனா வேண்டாம், பென்சில் கொண்டு போங்கள். தேட வேண்டிய வருடங்களை முன்கூட்டியே ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.